ஒன்பதாவது பாட்டுக்கு வார்த்தை

ஜனவரி 9

மதர் சுப்பீரியர் அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் ரேடியோ எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே உங்கள் பிரஷர், முழங்கால், கோபம் மூன்றும் எந்த அளவில் இருக்கின்றன என்று எழுதவும். மூன்றாவது குறைந்திருந்தால்தான் எனக்குக் கவலை.

கம்பெனிக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள் அண்ணி. முழு ஆல்பம். ஒன்பது பாட்டு. அண்ணன் போனதிலிருந்து இந்த இரண்டு வருஷமாக வாயைத் திறக்காத என்னைக் கூப்பிட்டு, "அதே சோல் மியூசிக், அதே ஸ்மூத் ஜாஸ், தமிழ்ல. வேற எதுவும் மாத்தவேண்டாம்" என்கிறார்கள். "கேக்குறதுக்கு ஆள் இருக்கா?" என்றேன். "இருக்காங்க மேடம், எல்லாரும் உங்க வயசு" என்றார் மேனேஜர். கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

ஸ்டுடியோ ஒரு பழைய கட்டடத்தின் அடியில் இருக்கிறது. சுவர் முழுக்க நீல ஸ்பாஞ்ச், முட்டை அட்டையைக் கவிழ்த்து ஒட்டியது போல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்யும் பெண். இரட்டைப் பிள்ளைகளின் அம்மா. "இன்னொரு தடவை போலாமாம்மா?" என்று அவள் கேட்கும்போது எனக்கு இன்னொரு வாய் ஊட்ட வருகிறாள் என்றே தோன்றும். பியானோவுக்கு நம் சோடாப்புட்டிதான். கண்ணாடி இன்னும் தடித்துவிட்டது. ஆனால் என் தோள் ஏறினால் மூச்சு வாங்கப்போகிறேன் என்று இன்றும் அவருக்குத் தெரிகிறது. சாக்ஸபோனுக்குப் புது ஆள். நல்ல மனிதர். அண்ணன் வாசிக்கும்போது, நான் வரியை முடித்து மூச்சு வாங்கும் சந்தில் நுழைவார். இவர் நான் முடிப்பதற்குள்ளேயே நுழைகிறார், வரிசையில் இடிக்கிற ஆள் மாதிரி.

எட்டுப் பாட்டுக்கு அண்ணன் மெட்டும் உங்கள் வார்த்தையும் தயாராக இருக்கின்றன. ஒன்பதாவதுக்கு மெட்டு மட்டும். அண்ணன் கடைசியாகப் போட்டது. சோடாப்புட்டி விரலில் வைத்திருக்கிறார். அதற்கு நீங்கள் வார்த்தை தரவேண்டும். அது இல்லாமல் நான் இந்த ஆல்பத்தை முடிக்கமாட்டேன்.

ஸ்டுடியோவைப் பற்றிச் சொல்லவேண்டும். சுவர் முழுக்க நீல ஸ்பாஞ்ச். முட்டை அட்டை மாதிரியே இருக்கிறது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
ரேடியோ

---

ஜனவரி 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். உன் நலத்தை விரும்புகிறேன். பிரஷர் மருந்தில் அடங்குகிறது. கோபத்துக்கு இன்னும் மருந்து வரவில்லை, நீ நிம்மதியாக இருக்கலாம்.

ஆல்பம் பற்றிய செய்தியில் மகிழ்ச்சி. உன் கடிதத்தில் மகிழ்ச்சி இல்லை. நீல ஸ்பாஞ்சை ஒரே கடிதத்தில் இரண்டு தடவை சுவரில் ஒட்டியிருக்கிறாய். எழுதியதைத் திரும்பப் படிக்காமல் உறையில் போடும் பழக்கத்தை இந்த வயதிலாவது விடு. எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் ஒருவர் இருந்தார். எழுதியதைப் படித்துப் பார்க்காதவள் பல் துலக்காமல் வெளியே போகிறவள் என்பார்.

ஒன்பதாவது பாட்டைப் பற்றி. என் முறை உனக்குத் தெரியும். முதலில் நீ பாடியதை அனுப்பு. கேட்கிறேன். குறை சொல்கிறேன். திருத்துகிறாய். பிறகு எழுதுகிறேன். இத்தனை ஆல்பத்திலும் இப்படித்தான் நடந்தது. உன் அண்ணன் இருந்தபோதே சலுகை இல்லை, இப்போது எங்கிருந்து வரும்?

இன்னொன்றும் நினைவில் வை. என் பாட்டில் ஒரு வரி அடுத்த வரியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போகும். நடுவில் நின்று வேடிக்கை பார்த்தால் கை விட்டுப்போகும். அந்தப் புது சாக்ஸபோன்காரரிடமும் இதைச் சொல்.

போன் செய்யாதே. போனில் நீ ஒரு மணி நேரம் பேசுவாய், வைத்த பிறகு என்ன பேசினாய் என்று எனக்கு எதுவும் கையில் நிற்பதில்லை. எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

அண்ணி

---

பிப்ரவரி 11

அண்ணிக்கு வணக்கம்.

நலமா? நான் நலம். சோடாப்புட்டிக்குத்தான் நலமில்லை. என்னைப் பற்றிக் கவலைப்படும் வியாதி. "ஒரு டாக்டரைப் பாத்துடலாமே" என்று தினமும் சொல்கிறார். "எதுக்கு?" என்றால் "சும்மா, தூக்கம் சரியில்லேன்னு சொன்னீங்களே" என்கிறார். நான் எப்போது சொன்னேன்? படுத்தால் கட்டை மாதிரித் தூங்குகிறவள் நான்.

இன்று ஒரு கூத்து. தண்ணீர் குடிக்க வெளியே போனவள் திரும்பி வரும்போது பக்கத்துக் கதவைத் திறந்து, அங்கே அடுக்கியிருந்த நாற்காலிகளுக்கு நடுவில் நின்று, "எங்கப்பா எல்லாரும் போயிட்டீங்க?" என்று கேட்டிருக்கிறேன். ஒலிப்பதிவுப் பெண் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். மற்றவர்கள் சிரிக்கவில்லை. இந்தக் காலத்து ஆட்களுக்கு நகைச்சுவை கிடையாது.

முதல் பாட்டை அனுப்பியிருக்கிறேன். "வரி வரியா பாடுங்கம்மா, நான் ஒட்டிக்கிறேன்" என்றாள் அந்தப் பெண். நல்ல பெண். வேலை சீக்கிரம் முடிகிறது.

அண்ணி, ஒன்பதாவது பாட்டு ஒன்று இருக்கிறது. அண்ணன் கடைசியாகப் போட்ட மெட்டு. அதற்கு வார்த்தை இல்லை. நீங்கள் எழுதித் தர முடியுமா? உங்களிடம் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அன்புடன்,
ரேடியோ

---

மார்ச் 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். பதில் தாமதமானதற்குக் காரணம் கேட்காதே. எழுத்து சாய்ந்திருந்தால் கண்டுகொள்ளாதே, படுத்தபடி எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி?

பாட்டைக் கேட்டேன். பல தடவை கேட்டேன். சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

வரிக்கும் வரிக்கும் நடுவில் உன் மூச்சு இல்லை. மூச்சே வாங்காமல் பாட நீ என்ன இஞ்சினா? மூன்றாம் வரியில் உனக்குச் சளி பிடித்திருக்கிறது. நான்காம் வரியில் இல்லை. ஐந்தாம் வரியில் மறுபடியும் பிடித்திருக்கிறது. வேறு வேறு நாளில் பாடிய வரிகளைத் தைத்திருக்கிறார்கள். தையல் நன்றாகத்தான் இருக்கிறது, அந்தப் பெண்ணைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இது பாட்டு இல்லை, ஒட்டுப்போட்ட போர்வை.

இருமலோடு இருந்த காலத்தில்கூட உன் அண்ணன் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை நின்று வாசித்தார். உனக்கு நிற்கக் காலும் பாடக் குரலும் இருக்கின்றன. இல்லாதது உழைப்பு. ஊர் மெச்சினால் சோம்பேறித்தனம் வரும் என்று தெரியும், உனக்கு இவ்வளவு தாமதமாக வரும் என்று நினைக்கவில்லை.

ஒரு பாட்டையாவது முழுதாகப் பாடி அனுப்பு. அதுவரை ஒன்பதாவது பாட்டுக்கு என்னிடமிருந்து ஒரு சொல்லும் வராது. கேட்டதையே இரண்டு தடவை கேட்டாலும் வராது.

வெந்நீர் குடி.

அண்ணி

---

மார்ச் 19

அன்பு அண்ணிக்கு,

நலம் நலமறிய ஆவல்.

வேலை நன்றாக நடக்கிறது. தினமும் காலையிலேயே போய்விடுகிறேன். எல்லோரும் என்னை ஏதோ கண்ணாடிச் சாமான் மாதிரி நடத்துகிறார்கள். நாற்காலியை நகர்த்திப் போடுகிறார்கள், கதவைத் திறந்து விடுகிறார்கள். பெரிய பாடகியாகிவிட்டேன் போலிருக்கிறது.

ஒரு அவசரம். அண்ணனுக்குச் சளி விட்டதா? விட்டிருந்தால் சீக்கிரம் அனுப்பிவையுங்கள். சாக்ஸ் வாசிக்கவேண்டிய இடமெல்லாம் அப்படியே பாக்கி. இங்கே ஒருவரை வைத்திருக்கிறார்கள், எனக்கு அவரை யாரென்றே தெரியவில்லை, என் பாட்டுக்குள் வந்து நின்றுகொண்டிருக்கிறார். "அண்ணன் வந்துடுவார், நீங்க சிரமப்படாதீங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டேன்.

அண்ணனை ரயிலில் ஏற்றும்போது மப்ளர் கட்டிவிடுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அவரைத் திட்டி அனுப்பாதீர்கள். வந்ததும் ஒரு நாள் முழுக்கப் பேசமாட்டார்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேடியோ

---

மார்ச் 27

உன் கடிதம் கிடைத்தது.

உன் விளையாட்டுகளை எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து பொறுத்துக்கொண்டிருக்கிறேன். என்னைத் திட்டியிருக்கலாம், பதில் எழுதாமல் இருந்திருக்கலாம். நான் குறை சொன்னதற்குப் பழிவாங்க அவரை இழுத்தாய். ஒரு விதவைக்கு எழுதும் கடிதமா இது?

இனி எனக்கு எழுத வேண்டாம்.

---

ஏப்ரல் 22

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

பியானோ வாசிப்பவன் எழுதுகிறேன். உங்கள் கணவரோடு பல மேடைகளில் இருந்தவன். உங்கள் நலம் வேண்டுகிறேன். உங்கள் நாத்தனார் என்னை என்ன பெயரில் உங்களுக்கு அறிமுகப்படுத்தியிருக்கிறார் என்று தெரியும். தயவுசெய்து அந்தப் பெயரிலேயே நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இப்போது அது பிடித்திருக்கிறது.

அவர் விளையாடவில்லை அம்மா.

டாக்டரிடம் கூட்டிப்போனோம். தலையைப் படம் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள். மறதி நோய் என்றார்கள். நல்ல நாளும் வரும், இல்லாத நாளும் வரும், போகப்போக இல்லாத நாள் கூடும். மருந்து கொஞ்சம் மெதுவாக்கும், நிறுத்தாது. அவர் சொல்வதை மறுத்து வாதம் செய்யாதீர்கள் என்றார் டாக்டர். குரலுக்கு எதுவும் ஆகவில்லை. அதுதான் எங்களால் தாங்கமுடியவில்லை. குரலில் ஒரு கீறல்கூட இல்லை.

உங்கள் கடைசிக் கடிதத்தைப் படித்து மிகவும் அழுதார். மறுநாள் காலையில் அது மேசைமேல் இருந்தது. அப்போதுதான் தபாலில் வந்ததுபோல எடுத்துப் படித்து, மறுபடியும் முதல் தடவை போலவே அழுதார். அதற்குப் பிறகு நான் எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன். மன்னிக்கவேண்டும்.

முந்தைய கடிதத்தில் ஒரு பாட்டையாவது முழுதாகப் பாடச் சொல்லியிருந்தீர்கள். அதை மட்டும் அவர் மறக்கவில்லை. "அண்ணி கேட்டிருக்காங்க" என்று தினமும் மைக் முன்னால் நிற்கிறார். இரண்டாவது வரியைத் தாண்டினால் முதல் வரிக்கே திரும்பிவிடுகிறார். நடுவில் நிறுத்தி, "சோடாப்புட்டி, எங்க நிக்கிறேன்?" என்பார். "சரியாத்தான் போறீங்க" என்பேன். "பொய் சொல்லாத, உன் கண்ணாடி வேர்க்குது" என்பார். தாளைப் பார்த்துப் பாடினாலும் பயனில்லை. உங்கள் வாக்கியம் ஒன்று ஆறு வரிகள் ஓடும். ஆறாவது வரியில் வருபவர் யார் என்று தெரிய முதல் வரி நினைவிருக்கவேண்டும். அவர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது யாரு? யாரைப் பத்திப் பாடறேன்?" என்று கேட்கிறார். ஆகவே வரி வரியாக எடுத்து ஒட்டினோம். எட்டுப் பாட்டு அப்படித்தான் முடிந்தது. நீங்கள் கேட்டதும் அதில் ஒன்றுதான்.

ஒன்பதாவது பாட்டைக் கம்பெனி விட்டுவிடச் சொல்கிறது. இல்லையென்றால் வேறொரு பாடகியை வைத்துப் பாடவைத்துவிடலாம் என்கிறது. அந்தப் பாடகி ஸ்டுடியோவுக்கு வந்தும் பார்த்தார். உங்கள் நாத்தனார் எழுந்து போய்க் கதவருகில் நின்றுகொண்டார். "என் அண்ணன் மெட்டு. என் அண்ணி வார்த்தை வந்துட்டிருக்கு. நடுவுல நீங்க யாரும்மா?" என்றார். ஜூன் முதல் வாரம் வரைதான் ஸ்டுடியோ நம் கையில். அதற்கப்புறம் அவர் பாடும் நிலையில் இருப்பாரா என்று டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முடிந்தால் நீங்கள் ஒரு தடவை வாருங்கள்.

பணிவுடன்,
சோடாப்புட்டி

---

மே 4

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் கண்ணாடியும் நீங்களும் நலமாக இருக்கவேண்டும்.

நான் வரமுடியாது. பிப்ரவரியில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கட்டிலிலிருந்து ஜன்னல்வரை ஒரு கம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறேன், அதுவும் ஒருத்தி பின்னால் நின்றால்தான். நாத்தனாருக்குக் கவலை வேண்டாமென்று எழுதவில்லை. அவள் எனக்கு எழுதாமல் விட்டதைப் பற்றிக் கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

ஒளித்துவைத்த கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். சின்னச் சின்னதாகக் கிழியுங்கள்.

பாட்டு இத்துடன் இருக்கிறது. எட்டு வரி. இப்படி நான் எழுதியதில்லை. ஒரு வரி இன்னொரு வரியைத் தொடாது. ஒவ்வொன்றும் தனி வீடு, தனி வாசல். எதை முதலில் பாடினாலும் அதுதான் முதல் வரி. எங்கே நிறுத்தினாலும் அதுதான் கடைசி. ஒன்றையே இரண்டு தடவை பாடினாலும் தப்பில்லை. அவள் வழிதவற இதில் வழியே இல்லை. ஒட்டாதீர்கள். அவளை நிற்கவைத்து, அவள் பாடுகிறபடியே எடுங்கள்.

விளக்கை நான் அணைக்கவில்லை.
மழை நின்றும் கூரை பேசுகிறது.
உன் காலடி என் கதவுக்குத் தெரியும்.
கோப்பையில் இன்னும் சூடு இருக்கிறது.
என் பெயரை மெதுவாகச் சொல்.
பக்கத்து நாற்காலி காலியாக இல்லை.
இன்று என்ன கிழமையானால் என்ன?
மூச்சு வாங்கிக்கொள், நான் இருக்கிறேன்.

எனக்கு இது பாட்டாகத் தெரியவில்லை. சாமான்களைத் தரையில் பரப்பியது போலிருக்கிறது. ஆனால் இது அவளுக்குச் சரியான அளவு.

அவளுக்கும் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அதில் ஒரு பொய் இருக்கிறது. எனக்குப் பழக்கமில்லாத வேலை. சரியாகச் செய்திருக்கிறேனா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அண்ணி

---

மே 4

என் அன்பு ரேடியோவுக்கு,

நலமா? நான் நலம். நேரத்துக்குச் சாப்பிடு. நேரத்துக்குத் தூங்கு.

ஒன்பதாவது பாட்டுக்கு வார்த்தை அனுப்பியிருக்கிறேன். உனக்குப் பிடித்த வரியிலிருந்து ஆரம்பி. பிடித்த வரியில் முடி. நான் குறை எதுவும் சொல்லப்போவதில்லை.

அண்ணன் நலமாக இருக்கிறார். சளி விட்டுவிட்டது. உடனே பயணம் செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்வதால் இப்போது அனுப்பமுடியவில்லை. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். அந்த சாக்ஸபோன்காரர் அவருக்குத் தெரிந்தவர்தானாம், அவரையே வாசிக்கவிடச் சொல்கிறார். நான் அவரைத் திட்டவில்லை.

உன் அண்ணி

---

ஜூன் 13

அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? உண்மையாகச் சொல்லுங்கள். ஏன் இப்படி ஆரம்பிக்கிறேன் என்று பின்னால் சொல்கிறேன். நான் இன்று நன்றாக இருக்கிறேன். எழுதியதைத் திரும்பப் படித்தும் பார்த்துவிட்டேன்.

பாடிவிட்டேன் அண்ணி. முதலிலிருந்து கடைசிவரை நின்று பாடினேன். ஒலிப்பதிவுப் பெண் விளக்கைக் குறைத்தாள். சோடாப்புட்டி ஆரம்பித்தார். நான் நாற்காலி வரியில் நுழைந்தேன், பிறகு மழை, பிறகு எதெல்லாமோ. தாளை ஒரு இடத்தில் கீழே போட்டுவிட்டேனாம். போனால் போகட்டும் என்று கையில் இருந்த வரியையே பாடிக்கொண்டிருந்தேனாம். முடிந்ததும் "இன்னொரு தடவை போலாமா?" என்று நான்தான் கேட்டேன். "வேணாம்மா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கண்ணாடிக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாக்ஸபோன்காரர் நான் மூச்சு வாங்கும் இடம்வரை காத்திருந்தார். கற்றுக்கொண்டுவிட்டார். இதோடு சேர்த்து அனுப்புகிறேன். ஆல்பம் முடிந்தது.

இப்போது நான் சொல்வதைப் பதறாமல் படிக்கவேண்டும். உட்கார்ந்துகொள்ளுங்கள்.

நீங்கள் எழுதிய கடிதம் என் கையில் இருக்கிறது. அண்ணன் நலமாக இருக்கிறார், சளி விட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணி, அண்ணன் நம்மிடம் இல்லை. அவர் போய் இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. நீங்கள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தீர்கள். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தார், சாக்ஸில் கட்டை அழுத்துவாரே அந்த மாதிரி. மெட்டு என்ன என்று எனக்குப் புரிந்தது. கூடவே முணுமுணுத்தேன். ஒரு இடத்தில் நான் மூச்சு வாங்கினேன். அவர் வந்து நுழையவேண்டிய இடம். நுழையவில்லை.

இத்தனை நாள் நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லவேண்டியதாகிவிட்டது.

உங்களுக்கு மறதி வந்திருக்கிறது அண்ணி. பயப்படாதீர்கள். இது யாருக்கும் வரும். சோடாப்புட்டிக்கு ஒரு நல்ல டாக்டரைத் தெரியும், அவரிடம் விசாரிக்கச் சொல்கிறேன். வெட்கப்படாமல் எனக்கு எழுதுங்கள், நான் நினைவுபடுத்துகிறேன். உங்களைப் போல நான் திட்டமாட்டேன்.

உங்கள்
ரேடியோ

---

ஜூன் 24

மதிப்பிற்குரிய ஐயா,

நலம் விசாரிக்கிறேன். ஆல்பம் முடிந்ததற்கு உங்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் சாக்ஸபோன்காரருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள்.

அவள் கடிதத்தைப் படித்தேன். அதை எழுதியபோது அவள் முழுதாக இருந்திருக்கிறாள். ஒரு பிழை இல்லை. என் பதில் அவளிடம் வந்துசேரும் நாளில் அவள் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. தபால் அவள் நிலைமையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. நானும் எழுந்து ஓடிவர முடியாது.

ஆகவே இரண்டு பதில் எழுதியிருக்கிறேன். வெள்ளை உறையில் ஒன்று, பழுப்பு உறையில் ஒன்று. அன்று காலையில் அவள் அண்ணனைப் பற்றி என்ன கேட்கிறாள் என்று கவனியுங்கள். அண்ணன் எப்போது வருவார் என்று கேட்டால் வெள்ளை. எதுவும் கேட்காமல் இருந்தால் பழுப்பு. மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். என் மே மாதப் பொய் அவள் தெளிவாக இருந்த நாளில் கையில் கிடைத்து என்ன செய்தது என்று நமக்குத் தெரியும்.

அண்ணி

---

(வெள்ளை உறை)

என் அன்பு ரேடியோ,

நலமா? நாங்கள் இருவரும் நலம்.

பாட்டை உன் அண்ணன் கேட்டார். எதுவும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அவர் தலையாட்டினால் என்ன அர்த்தம் என்று நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. பயணம் இன்னும் கொஞ்ச நாள் ஆகும். மப்ளரைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

உன் அண்ணி

---

(பழுப்பு உறை)

என் அன்பு ரேடியோ,

நலமா? நீ கேட்டுக்கொண்டபடி உட்கார்ந்துதான் படித்தேன்.

பாட்டைக் கேட்டேன். மூச்சு முழுவதும் கேட்கிறது. "விளக்கை நான் அணைக்கவில்லை" என்பதை நீ திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறாய். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

மற்றதற்கு வருகிறேன். நீ சொல்வது சரி. நான் மறந்துவிட்டேன். வயதாகிறது, ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. டாக்டரைப் பார்க்கிறேன். நீ எழுதியதைப் படித்ததும் கொஞ்சம் நினைவு வந்தது, முழுதாக வரவில்லை. நான் கீழே போயிருந்தபோது அவர் உன் மணிக்கட்டில் தட்டினார் என்கிறாயே, எந்தக் கையில்? அவர் கண் திறந்திருந்ததா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

முடிந்தபோது எழுது. நான் மறுபடியும் மறந்துபோவேன், மறுபடியும் எழுது.

உடம்புக்கு எனக்கு ஒன்றுமில்லை. நினைவுதான் சரியில்லை.

உன் அண்ணி